புளிச்ச ஏப்பத்துக்கு ஒரு புத்திமதி

ஏலே பேராண்டி, அந்தப் பையை இங்கன திண்ணையில கொட்டு பாப்போம். வெக்கப்படாத, கொட்டு. பெங்களூருல இருந்து வாரவன் தாத்தனுக்கு ஒரு பிஸ்கோத்துப் பொட்டலமாவது கொண்டு வருவான்னு பாத்தா, நீ மருந்துக்கடையைத் தூக்கிட்டு வந்திருக்கே. என் கண்ணாடிய எடு, ஒவ்வொண்ணா வாசிக்கேன்.

இது பான்டோபிரசோல், 40 மில்லிகிராம். வயித்துல ஆசிட் சுரக்கிறத அடக்குறது, காலம்பற. சரி. இது பீட்டெய்ன் ஹைட்ரோகுளோரைடு, வயித்துக்கு ஆசிட் சேக்குறது, மத்தியானச் சோத்தோட. இது ஆப்பிள் வினிகர், அதுக்கும் அதே சோலிதான். இது தண்ணியில போட்டாப் பொங்குற வைட்டமின் சி, 1000 மில்லிகிராம். இந்த ரோஸ் கலர் பாட்டில் ராத்திரி நெஞ்சு காந்தும்போது குடிக்கிறதாக்கும். ஆக, காலம்பற அடக்குதே, மத்தியானம் கூட்டுதே, ராத்திரி மறுபடி அடக்குதே. நடுவுல கெடக்குற இரைப்பை யாரு சொல்லக் கேக்கும்? எங்கன போறதுன்னு தெரியாமத்தான் மேல ஏறி வருது போல.

சிரிக்காத. என்ன சொன்னே? ஆசிட் ஜாஸ்தி இல்லையா, கம்மியா? கம்மியா இருக்கிறதாலதான் எதுக்களிக்கா? அப்படியா சங்கதி. எப்படிக் கண்டுபிடிச்சே?

சோடா உப்பைத் தண்ணியில கரைச்சு வெறும் வயித்துல குடிச்சுட்டு, செல்போன்ல கடிகாரத்த ஓடவிட்டு, ஏப்பம் எப்ப வருதுன்னு பாத்தியா! அஞ்சு நிமிஷத்துக்குள்ள வரலைன்னா ஆசிட் கம்மின்னு தீர்ப்பா! ஏலே, உங்க ஆச்சி சும்மா ஒக்காந்து வெத்தல போட்டாலே அஞ்சு நிமிஷத்துக்குள்ள மூணு ஏப்பம் விடுவா. அது ஆசிட்டா? முழுங்குற காத்துலே. அவசரமாக் குடிச்சாக் காத்து உள்ள போகும், போன காத்து வெளிய வரும். அதுக்கு எதுக்குக் கடிகாரம்?

நான் கம்பவுண்டரா இருந்தவன்கிறத நீ மறந்துட்டே. அந்தக் காலத்துல சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்க வாரவங்க பாட்டிலும் கொண்டுட்டு வரணும். நல்லெண்ணெய் பாட்டில், பிராந்தி பாட்டில், தேன் பாட்டில்னு எது வீட்டுல கெடக்கோ அதைக் கழுவியும் கழுவாமலும் நீட்டுவாங்க. நான் மிக்சரை ஊத்தி, பல்லுப் பல்லா வெட்டின காகிதத்த மேல ஒட்டி, ஒரு வேளைக்கு ஒரு பல்லுன்னு சொல்லி அனுப்புவேன். என் மேசையில வயித்துக்குன்னு ரெண்டு ஜாடி இருந்துச்சு. ஒண்ணு கார்மினேட்டிவ் மிக்சர். சோடா உப்பு சேந்தது. நெஞ்சு காந்துறவனுக்கு, வயிறு ஊதுனவனுக்கு. இன்னொண்ணு ஜென்ஷியன் மிக்சர். கசப்பு வேரோட சத்துல நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கலந்தது. பசியில்லாதவனுக்கு. வயித்துல ஆசிட்டே ஊறலன்னு டாக்டர் எழுதிக் குடுத்த ஆளுக்கு ஆசிட்டை நிறையத் தண்ணியில விட்டு உறிஞ்சு குழல் வச்சுக் குடிக்கச் சொல்லுவோம், பல்லு கரைஞ்சுரக் கூடாதுன்னு.

இப்ப சொல்லு, அந்த ரெண்டு ஜாடியையும் ஒரே ஆளுக்கு ஊத்திக் குடுத்திருந்தா என் வேலை என்ன ஆகியிருக்கும்? சோடா உப்பும் அந்த ஆசிட்டும் சேந்தா மிஞ்சுறது உப்புத் தண்ணியும் காத்தும்தான். நீ சம்பளம் வாங்கி, அந்தச் சம்பளத்துல உப்புத் தண்ணி தயார் பண்ணிக்கிட்டு இருக்கே.

அந்த டாக்டர் ஆசிட் இல்லைன்னு எழுதினாருல்ல, எப்படி எழுதினாரு தெரியுமா? ஏப்பத்த எண்ணி இல்ல. மூக்கு வழியா ரைல்ஸ் குழாய இரைப்பைக்குள்ள இறக்கி, கஞ்சியக் குடிக்கக் குடுத்து, கால் மணிக்கு ஒரு தரம் உறிஞ்சி எடுத்து, எடுத்ததுல எவ்வளவு ஆசிட் இருக்குன்னு சொட்டுச் சொட்டா அளந்து பாத்து எழுதினாரு. குழாய் போட்டுக்கிட்ட ஆளு அன்னைக்கு முழுக்க எங்கள வைவான். ஆனா பதில் கெடைக்கும். இன்னைக்கு அவ்வளவு பாடு இல்ல. உள்ளே கேமரா விட்டுச் சதையத் துளியூண்டு கிள்ளிப் பாக்காங்க, ரத்தத்துல காஸ்ட்ரின் எவ்வளவுன்னு பாக்காங்க. ஆசிட் வத்திப்போன வயித்துல அந்த காஸ்ட்ரின் எகிறி நிக்கும். நீ அந்தக் கவர்மெண்டு முத்திரை ஒண்ணும் இல்லாம, நீயே மனு எழுதி நீயே கையெழுத்துப் போட்டுக்கிட்டே.

வயித்து ஆசிட்டுன்னா என்னமோ ஏதோன்னு பயப்படவும் வேண்டாம், அலட்சியமாவும் வேண்டாம். ஒரு நாளைக்கு ஒண்ணரை, ரெண்டு லிட்டர் இரைப்பை நீர் ஊறுது உனக்குள்ள. அதுல இருக்கிறது நெசமான ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டுதான்னு வில்லியம் பிரவுட்டுன்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர் 1824-ல எழுதி வச்சாரு. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி அமெரிக்காவுல, மாக்கினாக் தீவுல, அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின்னு ஒரு வாலிபன் மேல தவறித் துப்பாக்கி வெடிச்சு வயித்துல ஓட்டை விழுந்துருச்சு. பியூமான்ட்டுன்னு பட்டாளத்து டாக்டர் காப்பாத்திட்டாரு. ஆனா ஓட்டை மூடல. டாக்டர் சும்மா இருப்பாரா? பட்டு நூல்ல கறித்துண்டையும் ரொட்டித்துண்டையும் கட்டி அந்த ஓட்டை வழியா இறக்கி, வெளிய இழுத்து, எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு பாப்பாரு. மறுபடி இறக்குவாரு. வருஷக்கணக்கா இதே சோலி. 1833-ல புத்தகமே போட்டுட்டாரு. அந்த வாலிபனுக்குக் கோவம் வந்தா இரைப்பைக்குள்ள நிறமும் ஈரமும் மாறுறதக்கூட எழுதி வச்சிருக்காரு. வராம என்ன செய்யும், வயித்துக்குள்ள ஒருத்தன் நூல் விட்டு ஆட்டிக்கிட்டே இருந்தா? கடைசியில டாக்டர் 1853-ல போய்ச் சேந்துட்டாரு. ஓட்டை வயித்துக்காரன் 1880 வரைக்கும் இருந்தான். எனக்கு அதுல ஒரு சந்தோசம்.

அந்த ஆசிட்டு நாலு சோலி பாக்குது. கறியையும் பருப்பையும் அரைக்கிற பெப்சினைக் கிளப்பி விடுது. தண்ணியோடயும் சோத்தோடயும் உள்ள வார கிருமியக் கொல்லுது. கீரையில, பயறுல இருக்குற இரும்புச் சத்தக் கரைச்சுக் குடுக்குது. கறி, மீனு, பாலுல ஒட்டிக்கிட்டு இருக்குற பி12-ஐப் பிரிச்சு விடுது. ஆசிட்டை ஊத்துற அதே செல்லுதான் பி12-ஐ கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போற ஒரு சரக்கையும் செய்யுது. அந்தச் செல்லு செத்தா ரெண்டும் போச்சு.

அதனால ஆசிட் கம்மியாகுற நோய் உண்டு, இல்லைன்னு சொல்லல. உடம்பே தன் இரைப்பைச் செல்லை எதிரின்னு நினைச்சு அழிக்கிற வியாதி ஒண்ணு. ஹெலிகோபாக்டர் பைலோரின்னு ஒரு கிருமி வருஷக்கணக்கா உள்ள குடியிருந்து இரைப்பைத் தோலை அரிச்சுத் தேய வைக்கிறது இன்னொண்ணு. அந்தக் கிருமியக் கண்டு சொன்னவங்க ஆஸ்திரேலியாக்காரங்க, ராபின் வாரனும் பாரி மார்ஷலும். ஒருத்தரும் நம்பலன்னு மார்ஷல் 1984-ல கிருமி வளத்த தண்ணிய மடக்குன்னு குடிச்சு, கொஞ்ச நாள்ல வாந்தியும் வயித்துப் புண்ணாட்டமும் வந்து, 2005-ல ரெண்டு பேருக்கும் நோபல் குடுத்தாங்க. இத எதுக்குச் சொல்லுதேன்னா, நீ ஏதாவது குடிச்சுக் காட்டணும்னு நினைச்சா அந்த வரிசை முடிஞ்சுபோச்சு. மூணாவதா, இந்த பான்டோபிரசோல் வகையறாவை வருஷக்கணக்கா விழுங்குறது. அதுவே ஆசிட்டைக் குறைக்கத்தானே இருக்கு?

வயசானா எல்லாருக்கும் ஆசிட் வத்திரும்னு ஒரு பேச்சு உண்டு. சவத்த தள்ளு. இரைப்பைத் தோலு நல்லா இருக்குற கெழவனுக்கு ஆசிட் பெரும்பாலும் குறையுறதில்ல. எனக்கு வத்தல. நேத்து அயிரை மீன் கொழம்பு தின்னது நீதான் பாத்தியே.

நெசமாவே வத்தினவனுக்கு என்ன ஆகும் தெரியுமா? நெஞ்சு காந்தாது. மொகம் வெளிறும், மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கும், நாக்கு வழுவழுன்னு ஆகும், காலு மரத்துப்போயிச் செருப்புக் கழண்டது தெரியாது. பி12 ஈரல்ல வருஷக்கணக்குக்குச் சேமிப்பு இருக்கும், அதனால பைய்யத்தான் தெரியும். உனக்கு இதுல ஒண்ணும் இல்ல. உனக்கு இருக்கிறது புளிச்ச ஏப்பமும் தொண்டை எரிச்சலும். அது வேற ஆவலாதி.

வா, வாய்க்கா வரைக்கும் நடந்துக்கிட்டே பேசுவோம். இந்தா இருக்கு பாரு நம்ம வயக்காட்டு மடை. பலகை சரியா ஒக்காந்திருந்தா வயலு நெறையத் தண்ணி நின்னாலும் வாய்க்காலுக்குத் திரும்பாது. பலகை இத்துப்போயி எடுப்பா நின்னா, காவாசித் தண்ணி நின்னாலும் கசியும். தண்ணி கசியுதுன்னா பலகையப் பாப்பியா, தண்ணி கம்மியாயிருச்சுன்னு இன்னும் ரெண்டு மோட்டார் போட்டு எறைப்பியா? உன் உணவுக்குழாயும் இரைப்பையும் சேருற எடத்துல ஒரு தசைவளையம் இருக்கு. முழுங்கும்போது தெறக்கும், மத்த நேரம் மூடியிருக்கணும். அது வேளை கெட்ட வேளையில தளந்து குடுத்தா உள்ள இருக்கிறது மேல வரும். ஆசிட் நிறைய இருந்தாலும் வரும், அளவா இருந்தாலும் வரும். எதுக்களிக்கிற முக்கால்வாசிப் பேருக்கு ஆசிட் அளவு சரியாத்தான் இருக்கு. அது இருக்கக் கூடாத எடத்துக்கு வாரதுதான் வம்பு. இரைப்பைக்கு உள்பக்கம் சளிப்படலம் பூசியிருக்கு, தாங்கும். உணவுக்குழாய்க்கு அது கெடையாது, வெந்துரும்.

நீ சொல்லுறபடி ஆசிட் கம்மியாலதான் எதுக்களிப்புன்னா, அதை இன்னும் கம்மி பண்ணுற மாத்திரை போட்டவன் எல்லாம் துடிச்சுச் செத்திருக்கணுமே? 1988-ல சுவீடன்ல ஒமிப்ரசோல் கடைக்கு வந்ததுல இருந்து கோடானுகோடிப் பேரு போட்டுட்டாங்க. புண்ணு ஆறுச்சுன்னுதான் சொல்லுதாங்க. ஆனா ஒண்ணு, மாத்திரை போட்டாலும் சிலபேருக்கு எதுக்களிக்கிறது நிக்காது, எரிச்சல்தான் நிக்கும். வந்த தண்ணியோட ஆசிட் போச்சு, பலகை அப்படியேதான் இருக்கு. அத வச்சுத்தான் ஒருத்தன் உன்கிட்ட வினிகர் வித்துட்டுப் போயிட்டான்.

பலகையத் தளத்துறது எதுன்னு கேளு. ராத்திரி பதினோரு மணிக்குப் புரோட்டா, அதுக்கு மேல எண்ணெய் மெதக்குற சால்னா, அதுக்கு மேல ஒரு ஆம்லெட்டு, எல்லாத்துக்கும் மேல ஒரு சோடா. கொழுப்புச் சேந்த தீனி இரைப்பைய விட்டு எறங்க நேரமாகும், அந்த வளையத்தையும் தளத்தும். தின்ன கையோட மல்லாந்து படுத்துச் செல்போனப் பாத்தா, உள்ள இருக்கிறதுக்கு மேடு பள்ளம் ஏது? பீடி சிகரெட்டும் சாராயமும் அதே சோலியத்தான் செய்யும். நீ குடிக்கிறதில்லன்னு உங்கம்ம நம்புதா, நானும் நம்புறதாச் சொல்லிக்கிட்டு இருக்கேன். அப்புறம் உன் தொப்பை. முப்பது வயசுல பெல்ட்டு மூணாவது ஓட்டைக்குப் போயிருச்சு. வயித்த அமுக்கி மேல தள்ளுறதுக்கு அது போதும்.

செய்ய வேண்டியது காசு செலவில்லாத சமாச்சாரம். அதனாலதான் உனக்குப் பிடிக்காது. ராத்திரிச் சோத்துக்கும் படுக்கைக்கும் நடுவுல மூணு மணி நேரம் விடு. கட்டிலோட தலைமாட்டுக் காலு ரெண்டுக்கும் அடியில செங்கல் வச்சு ஆறு அங்குலம் ஒசத்து. தலகாணிய அடுக்காத, அது கழுத்தத்தான் ஒடிக்கும், வயித்த மடக்கும். எடதுபக்கம் ஒருக்களிச்சு ஒறங்கு. வலதுபக்கம் படுத்தா இரைப்பை மேலயும் உணவுக்குழாய் கீழயும் அமைஞ்சுரும். ரெண்டு மூணு கிலோ எடை எறங்கினாலே வித்தியாசம் தெரியும்.

அந்த பான்டோபிரசோலை நீ எப்பப் போடுதே? சாப்பிட்டு, காபி குடிச்சு, நெஞ்சு காந்தினப் பெறகா? கோட்டிப்பயலே, அது சாப்பாட்டுக்கு அரைமணி முன்னாடி போடுறது. ஆசிட் ஊத்துற மோட்டாரு சாப்பாடு வரும்போதுதான் ஓட ஆரம்பிக்கும், மாத்திரை அந்நேரம் ரத்தத்துல தயாரா நிக்கணும். சாப்பிட்ட பெறகு போட்டா வண்டி போன பெறகு கேட்டு மூடுன கதை. அதுக்காக நாளைக்கே நிறுத்தாத. மாசக்கணக்காப் போட்டவன் திடீர்னு விட்டா அடங்கிக் கெடந்த ஆசிட் கொஞ்ச நாளைக்கு முன்னைவிட அதிகமா எகிறும். அப்ப நீ, ஐயையோ மாத்திரை இல்லாம உசுரு இல்லன்னு திரும்ப ஓடுவே. டாக்டரக் கேட்டு, பைய்யக் குறைச்சு விடணும். வருஷக்கணக்கா வேணும்கிற ஆளுக்கு டாக்டர் பி12-ம் மக்னீசியமும் பாத்துக்கிடுவாரு.

இனி இந்தப் பொங்குற மாத்திரைக்கு வருவோம். இதுமேல உனக்கு என்ன இவ்வளவு பக்தி? ஆசிட் கம்மியா இருக்கு, இது புளிப்பு, அதனால சேத்துக்கிட்டா ஆசிட் கூடும்னா?

1747-ல ஜேம்ஸ் லிண்டுன்னு கப்பல் டாக்டர் ஒருத்தர், சாலிஸ்பரிங்கிற கப்பல்ல, ஸ்கர்வி வந்து ஈறு வீங்கிக் கெடந்த 12 மாலுமிகளை ரெண்டு ரெண்டு பேராப் பிரிச்சாரு. ரெண்டு பேருக்கு ஆப்பிள் சாராயம், ரெண்டு பேருக்கு வினிகர், ரெண்டு பேருக்கு நீர்த்த கந்தக ஆசிட், ரெண்டு பேருக்குக் கடல் தண்ணி, ரெண்டு பேருக்கு ஒரு லேகியம், ரெண்டு பேருக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும். பழம் தின்ன ரெண்டு பேரும் ஒரு வாரத்துக்குள்ள எந்திரிச்சுட்டாங்க, அதுல ஒருத்தன் மத்தவங்களுக்கு ஒத்தாசை பண்ண ஆரம்பிச்சுட்டான். சாராயத்துக்காரங்களுக்குக் கொஞ்சம் தெம்பு. வினிகர்காரங்களும் ஆசிட்காரங்களும் கெடந்த கெடையிலதான். புளிப்புல ஒண்ணும் இல்லைன்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. நீ இன்னும் வினிகர் கோஷ்டியிலயே ஒக்காந்திருக்கே.

வைட்டமின் சி-யும் ஒரு ஆசிட்டுதான், ஆனா உன் வயித்து ஆசிட்டுக்கு முன்னாடி அது சாது. அதைப் போட்டு வத்தின வயித்த நெரப்ப முடியாது. ஆனா ஏற்கெனவே வெந்து கெடக்குற உணவுக்குழாய்ல பட்டா எரிக்கிறதுக்கு அந்தச் சாதுவே போதும். தண்ணியில்லாம முழுங்கிட்டுப் படுத்தா மாத்திரை நடுவழியில ஒட்டிக்கிட்டு அங்கனயே புண்ணு போட்டுரும். சப்புற மாத்திரையை மிட்டாயா நினைச்சு நாள் முழுக்க வாயில ஒதுக்கினா பல்லு எனாமல் தேயும். ஒக்காந்துக்கிட்டு, ஒரு செம்புத் தண்ணியோட, சாப்பாட்டுக்கு நடுவுல போடணும். புளிப்பே ஆகாதுன்னா சோடியம் அஸ்கார்பேட், கால்சியம் அஸ்கார்பேட்டுன்னு புளிப்பைச் சாந்தப்படுத்தினது கடையில உண்டு. சோடியம்னா உப்புலே, உங்கப்பன் பிரஷர்காரன், அவனுக்கு நீட்டிராத. இந்தப் பொங்குற வகையில ஒரு மாத்திரைக்குள்ளயே 300 மில்லிகிராம் பக்கம் சோடியம் இருக்கிறதும் உண்டு. அவனுக்குச் சர்க்கரையும் இருக்கு. வைட்டமின் சி-யை அளவுக்கு மீறிப் போட்டா விரல்ல குத்திப் பாக்குற மிஷின்ல சில மிஷினு கணக்கத் தப்பாக் காட்டும்.

அளவு என்ன? நம்ம ஐ.சி.எம்.ஆர். 2020-ல சொன்னபடி உன்னை மாதிரி ஆம்பளைக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் போதும். நீ போடுறது 1000. குடல் என்ன, வாங்கி வாங்கி வச்சுக்கிடவா? கொஞ்சமா வந்தா பெரும்பாலும் உறிஞ்சிக்கிடும். ஒரு கிராமுக்கு மேல போனா பாதிகூட ஏறாது. ஏறினதையும் சிறுநீரகம் வெளிய தள்ளிரும். ஏறாதது குடல்ல நின்னு வயித்தால போக வைக்கும். 2000-க்கு மேல வேண்டாம்னு மேல்நாட்டுக்காரங்களே கோடு போட்டிருக்காங்க. ஆம்பளைக்கு நிறையப் போட்டா கிட்னியில கல்லு விழ வாய்ப்புக் கூடும். நம்ம ஊரு வெயிலுக்குக் கல்லு தானாவே விழும், நீ காசு குடுத்து வேற கூப்பிடணுமா?

லைனஸ் பாலிங்கா? தெரியும், தெரியும். 1954-லயும் 1962-லயும் ரெண்டு நோபல் வாங்கின மேதை. 1970-ல வைட்டமின் சி போட்டா சளி பிடிக்காதுன்னு புத்தகம் எழுதிட்டாரு, ஊரே வாங்கித் தின்னுச்சு. அப்புறம் ஆளுகள வச்சுப் பாத்தா, சாதாரண ஆளுக்குச் சளி வாரத அது தடுக்கல. தெனம் போடுறவனுக்கு வந்த சளி கொஞ்சூண்டு சீக்கிரம் போகுது, அவ்வளவுதான். சளி பிடிச்ச பெறகு ஓடிப்போயிப் போட்டா அதுவும் நிச்சயமில்ல. பாலிங் 93 வயசு வரைக்கும் இருந்தாருன்னு சொல்லப்போறே. என் அத்தை வைட்டமினுங்கிற பேரே கேக்காம 96-க்குப் போனா. அவ தின்ன பொடிமட்டைக்குப் புத்தகம் எழுதவா?

ஆனா நீ தூக்கிட்டு வந்ததெல்லாம் குப்பைன்னு சொன்னா நான் கம்பவுண்டர் இல்ல. நெசமாவே ஆசிட் குறைஞ்சவனுக்கு வைட்டமின் சி-யால ஒரு உபகாரம் உண்டு. இரைப்பை தானே ரத்தத்துல இருந்து வைட்டமின் சி-யை எடுத்துத் தன் நீருல விடும். அந்தக் கிருமி குடியிருந்தாலோ ஆசிட் வத்தினாலோ அதுவும் குறைஞ்சுரும். ஆசிட் இல்லாத எடத்துல வைட்டமின் சி சீக்கிரம் கெட்டும் போகும். கீரையில பயறுல உள்ள இரும்பு உடம்புல ஏறணும்னா ஒண்ணு ஆசிட் வேணும், கூட வைட்டமின் சி இருந்தா இன்னும் நல்லா ஏறும். அதனால ரத்தம் கம்மியான ஆளு முருங்கக்கீரைச் சோத்தோட ஒரு கொய்யாத் துண்டு தின்னா அர்த்தம் உண்டு. அதுக்கு 1000 மில்லிகிராம் வேண்டாம். சோத்தோட காபி, டீ மட்டும் குடிக்காம இருந்தாப் போதும், அது இரும்பைப் பிடிச்சு வச்சுக்கிடும்.

கொய்யாவைப் பத்திச் சொல்லணும். 100 கிராம் கொய்யாவுல 200 மில்லிகிராமுக்கு மேல வைட்டமின் சி இருக்கு. எலுமிச்சையப் போல நாலு மடங்கு, நாலுல ஒரு பங்குகூடப் புளிப்பு இல்ல. நெஞ்சு காந்துறவனுக்கு இதைவிட என்ன வேணும்? நம்ம கொல்லையில அணில் கடிச்சுப் போட்டுக் கெடக்குற பழத்துல உன் அட்டைப்பெட்டி மாத்திரைக்குச் சவால் இருக்கு. நெல்லிக்காயில கொய்யாவ விடவும் கூட. அதியமான் மலையேறி நெல்லிக்கனி பறிச்சு ஔவைக்குக் குடுத்தான்னு கதை படிச்சிருக்கேல்ல? இந்தக் காலமா இருந்தா வீட்டுக்கே பார்சல் வந்திருக்கும், கூடவே ரெண்டு வாங்குனா ஒண்ணு இனாம்னு ஔவை மூணு பாட்டிலோட அலைஞ்சிருப்பா. ஆனா நெல்லிக்காய் புளிப்பு, துவர்ப்பு. வெறும் வயித்துல வேண்டாம். கீரையக் கொதிக்கக் கொதிக்க வேக வச்சா அதுல உள்ள வைட்டமின் சி பாதிக்கு மேல போயிரும், அதுக்கு உங்க ஆச்சியைத் திட்டாத, இரும்பு அங்கனயேதான் இருக்கும்.

வெளையாட்டு விட்டுட்டு ஒண்ணு சொல்லுதேன், காதுல வாங்கு. முழுங்குறதுக்குக் கஷ்டமா இருக்குன்னாலோ, சாப்பாடு நெஞ்சுல மாட்டுதுன்னாலோ, எடை தானாக் குறைஞ்சாலோ, வெளிக்குத் தார் நிறத்துல போனாலோ, ரத்தமா வாந்தி வந்தாலோ, தாத்தன் செங்கல்லும் வேண்டாம் கொய்யாவும் வேண்டாம், நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. நெஞ்சு அடைச்சு, வேர்த்து, வலி தாடைக்கோ கைக்கோ போனா அது வாயுன்னு நீயே முடிவு கட்டாத. வாயுன்னு சொல்லிச் சோடா குடிச்சுட்டுத் திண்ணையில படுத்து எந்திரிக்காம போனவங்க நம்ம ஊருலயே உண்டு. மூட்டு வலி, தலைவலின்னு மருந்துக்கடையில கேட்டு வாங்கி முழுங்குற வலி மாத்திரையும் வயித்தப் புண்ணாக்கும். அதையும் அந்தப் பையில இருந்து எடு. எடுத்தாச்சா? பாத்தியா, அடியில ஒளிச்சு வச்சிருந்தே.

நாளைக்குத் தென்காசிக்குப் போவோம், குடல் டாக்டர் ஒருத்தர் இருக்காரு. அந்தக் கிருமிக்கு மூச்சு ஊதிப் பாக்குற சோதனை இருக்கு. இந்த பான்டோபிரசோலை ரெண்டு வாரம் நிறுத்தினாத்தான் அது சரியாச் சொல்லும், அதனால எப்ப நிறுத்தணும்னு அவரு சொல்லட்டும். பையில இருக்குற அத்தனையையும் மேசையில பரப்பிக் காட்டு, பாதிய மறைக்காத. அப்புறம் அவரு, ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுதீங்க தம்பின்னு கேப்பாரு. எட்டு மணின்னு சொல்லுவே. நான் பக்கத்து நாற்காலியில ஒக்காந்துக்கிட்டு இருமுவேன்.